திரும்பிப் பார்க்கும் நாய்

அத்தியாயம் பதினொன்று

ஒரு தொலைபேசி அழைப்பு ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் கலக்கக்கூடும் என்பதைச் சென்ற வாரம் கண்டோம். ஜெர்மன் பேசும் துன் நகரிலே, ஏரியிலிருந்து சிறிது தொலைவில் நிற்கும் அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் முதலாம் மாடியில், ஜெயமலர் அந்த அழைப்பை ஏற்ற கணத்திலிருந்தே நிம்மதியை இழந்திருந்தாள்.

அழைத்தவள் காலஞ்சென்ற வெங்கர் அம்மையாரின் பெறாமகள் ரெகூலா. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என் பெரியம்மாவின் யப்பானிய நாய் உங்கள் வீட்டில் இருக்கிறதாமே?"

உயிருள்ள நாயன்று அது. இரண்டு மரக்கோல்களுக்கு இடையே தொங்கும் நீண்ட பழந்தாள். அதிலே கறுப்பு மையின் சில தீற்றல்கள். அத்தீற்றல்களுக்குள் ஒரு நாய் குந்தியிருந்து, கழுத்தைத் திருப்பி, தன் தோளுக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. வெங்கர் குடும்பத்து முன்னோர் ஒருவர் யோக்கோஹாமாவில் பட்டு வணிகம் செய்த காலத்தில் கொண்டுவந்த ஓவியம் அது.

கடந்த மாரியிலே, சுவரில் ஈரம் ஊறியதால் திருத்த வேலைக்காரர் வரவிருந்த நாளில், மேல்மாடியில் தனித்து வாழ்ந்த அந்த அம்மையாரை நோயாளர் காவு வண்டி ஏற்றிச் சென்றது. படியிறங்கும்போது அவர் தம் மடியிலிருந்த, ஓவியம் சுருட்டி வைக்கப்பட்ட மரப்பெட்டியை ஜெயமலரின் கைகளில் கொடுத்துவிட்டுப் போனார். பின்பு திரும்பி வரவில்லை. இளவேனிலில் இறந்துபோனார். ஜெயமலரின் கணவன் குகநாதன் ஓர் ஆணியை அறைந்து, ஓவியத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டினான்.

"வைச்சிருங்கோ எண்டு தந்தவ." இந்த வசனத்தை ஜெயமலர் முதலில் கணவனிடம் சொன்னாள். பின்பு மகளிடம் சொன்னாள். அதற்குப் பின்பு, தேநீர் குடிக்க வந்த அனைவரிடமும் சொன்னாள்.

இன்று மாலை ரெகூலா நேரில் வருகிறாள்.

*

முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்துக்கொண்டு ஜெயமலர் வீடு திரும்பியபோது, கீழ்வாசலிலேயே உழுந்து வடையின் வாசம் அவளை எதிர்கொண்டது. அந்த வாசம் அவளுக்கு மகிழ்ச்சி தரவில்லை. மச்சாள் தில்லைநாயகி அடுப்படியில் இறங்கிவிட்டாள் என்றால் அன்றைய நாள் தன்னுடையதன்று என்பதை அவள் அனுபவத்தால் அறிந்திருந்தாள்.

தில்லைநாயகி குகநாதனின் மூத்த சகோதரி. லாங்கன்தால் என்ற ஊரில் வசிப்பவள். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் தம்பி வீட்டில் சிறிது காலம் தங்கிப் போக வந்தாள். முழங்கால் குணமாகியது. அவள் போகவில்லை.

கதவைத் திறந்த ஜெயமலர், கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவும் மறந்து நின்றாள்.

சுவரில் நாய் இருந்தது. அதன் முன்னே ஒரு முக்காலியில் குத்துவிளக்கு எரிந்தது. ஓவியத்தின் மேற்கோலிலிருந்து வடைமாலை ஒன்று இருபுறமும் வளைந்து தொங்கியது. நாயின் நெற்றியில் சந்தனம். சந்தனத்தின் நடுவே, ஈரம் காயாத குங்குமம்.

"மச்சாள்!"

"ஏன் கத்துறீர்? காது கேக்கும்." தில்லைநாயகி அடுப்படியிலிருந்து துணியால் கையைத் துடைத்தபடி வந்தாள். "இண்டைக்குத் தேய்பிறை அட்டமி. கலண்டரைப் பாக்கிற பழக்கம் இந்த வீட்டில ஒருத்தருக்கும் இல்லை."

"என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"கண்ணுக்கு முன்னாலதானே இருக்கு. வைரவருக்கு வடைமாலை. இவ்வளவு நாளும் வாகனத்தை வெறுஞ்சுவரில தொங்கவிட்டிட்டு, அதுக்குக் கீழ இருந்து பிட்சா சாப்பிடுறியள். அதுதான் இந்த வீடு உருப்படேல்லை."

"அது வைரவற்ற நாயில்லை, மச்சாள். யப்பான்காரன் கீறின நாய்."

"ஆர் கீறினாலும் நாய் நாய்தானே! யப்பான்காரனுக்கெண்டு வேற நாயோ? தலையைத் திருப்பி ஆரைப் பாக்குது எண்டு ஒருநாளாவது யோசிச்சீரோ? ஏறுறவரைத் தேடுது. எனக்கு வந்த அண்டைக்கே விளங்கிப்போச்சு."

ஜெயமலர் அருகே சென்றாள். வடைகளின் எண்ணெய் தாளில் ஊறி, நாயின் முதுகுக்கு மேலே இருந்த வெறுமையில் மஞ்சள் படர்ந்திருந்தது. அந்த வெறுமையைத்தான் வெங்கர் அம்மையார் மிகவும் நேசித்தார். "இதில் எதுவும் வரையப்படவில்லை, அதனால்தான் நாய்க்கு மூச்சு விட இடமிருக்கிறது" என்று ஒருமுறை சொல்லியிருந்தார். இப்போது அந்த இடத்தில் எண்ணெய் இருந்தது.

அவள் வடைமாலையைக் கழற்றினாள். நூல் அறுந்து, மூன்று நான்கு வடைகள் தரையில் உருண்டன.

"சுவாமிக்கு வைச்சதைத் தூக்கி எறியிறீரோ?" தில்லைநாயகியின் குரல் உயர்ந்தது. "கிழவியளைக் கழுவிக் கிடைச்ச நாய்க்கு இவ்வளவு எடுப்போ?"

"ஓம், கழுவித்தான் கிடைச்சது. உங்கட முழங்காலையும் நான்தானே கழுவினனான். அதுக்கு எனக்கு ஒரு பூனையும் கிடைக்கேல்லை."

"கதையைப் பார்! தம்பி வரட்டும்."

"வரட்டும். உங்கட தம்பியையே கேளுங்கோ, பின்னேரம் ஆர் வரப்போறா எண்டு. அந்தப் பொம்பிளைக்கு எங்கட முதியோர் ஹைமின்ர தலைவியைத் தெரியும். நான் களவெடுத்தனான் எண்டு அவ ஒரு சொல்லுச் சொன்னால் போதும், மச்சாள். ஒரே ஒரு சொல்லு."

அவள் மிகைப்படுத்தவில்லை. நாள்தோறும் அவள் முதியவர்களின் அலுமாரிகளைத் திறப்பவள். அவர்களின் மோதிரங்களைக் கழற்றிச் சவர்க்காரம் பூசிக் கழுவி மீண்டும் அணிவிப்பவள். நினைவு தப்பியவர்கள் "என் சங்கிலி எங்கே?" என்று அலறும்போது, மற்றப் பணியாளர்கள் ஜெயமலரையே அழைப்பார்கள். அவள் கைபட்ட இடத்தில் ஒரு பொருள் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. இந்த நாட்டில் அவள் தனக்கென்று சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான். இன்று மாலை அது போய்விடக்கூடும்.

தில்லைநாயகி குனிந்து ஒரு வடையை எடுத்து ஊதினாள்.

"களவெடுக்காதவளுக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்றாள்.

*

குகநாதனும் மகள் லக்சாயினியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தனர். குகநாதன் ஏரிக்கரை விடுதி ஒன்றின் சமையலறையில் வேலை செய்பவன். லக்சாயினி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, மருந்தகம் ஒன்றில் பணிபுரிபவள். பெற்றோரின் தமிழையும் அயலவரின் பேர்ண் வட்டார ஜெர்மன் பேச்சையும் ஒரே மூச்சில் மாற்றி மாற்றிப் பேசக்கூடியவள்.

ஓவியத்தைக் கண்டதும் அவள் சப்பாத்தைக் கழற்றாமலேயே உள்ளே ஓடினாள்.

"ஜேஸஸ்! ஆர் செய்தது?"

"உன்ர மாமிதான்" என்றாள் ஜெயமலர்.

"பிள்ளை, ஈரத்துணி ஒண்டு கொண்டு வா, துடைச்சுவிடுறன். பொட்டு அழிஞ்சால் அழியட்டும். உன்ர கொம்மா என்னைக் கொலைகாரி மாதிரிப் பாக்கிறா" என்றாள் தில்லைநாயகி.

"தொடாதேங்கோ மாமி! தண்ணி பட்டால் குங்குமம் இன்னும் ஊறும். ஒருத்தரும் தொடாதேங்கோ!"

குகநாதன் ஓவியத்தைப் பார்த்தான். பின்பு சகோதரியைப் பார்த்தான். அவளைக் கடிந்துகொள்ளும் துணிவு அவனுக்கு என்றுமே இருந்ததில்லை. எனவே மனைவியின் பக்கம் திரும்பினான்.

"நீர் வீட்டில இருந்திருந்தால் இது நடந்திருக்காது."

"அப்ப வேலையை விடட்டோ? இண்டைக்குப் பின்னேரத்தோட அதுவும் நடக்கும்."

"விசர்க் கதை கதையாதையும். என்ன பயம்? எங்கட சாமான். எங்கட சாமானில நாங்கள் பொட்டும் வைப்பம், பூவும் வைப்பம். அவவுக்கென்ன? கிழவி தந்தவதானே?"

"வைச்சிருங்கோ எண்டவ."

"பிறகென்ன? அதை மட்டும் சொல்லும். தந்தவ எண்டு சொல்லி, வாசலிலயே நிப்பாட்டி, கெதியா அனுப்பிவிடும். வீடு முழுக்கச் சுத்திக் காட்டத் தேவையில்லை."

லக்சாயினி இதுவரை நாயின் நெற்றியையே உற்று நோக்கிக்கொண்டிருந்தாள். இப்போது மெதுவாகத் திரும்பினாள்.

"அம்மா, ஒண்டு கேக்கிறன். வெங்கர் அம்மா என்ன சொன்னவ?"

"எத்தினை தரம் சொல்லுறது? வைச்சிருங்கோ எண்டவ."

"அவ தமிழிலயோ சொன்னவ?"

லக்சாயினி தாயின் பக்கம் ஓரடி நகர்ந்தாள்.

"அவவின்ர பாசையில என்ன சொன்னவ? 'பஹால்தெட்' எண்டவவோ, 'ஹேபெட்' எண்டவவோ?"

"ரெண்டும் ஒண்டுதானே" என்றான் குகநாதன்.

"இல்லையப்பா. 'பஹால்தெட்' எண்டால், இது இனி உங்கட, நீங்களே வைச்சிருங்கோ. 'ஹேபெட்' எண்டால், நான் வாறவரைக்கும் கையில பிடிச்சிருங்கோ. பஸ்ஸில ஒருத்தி தன்ர பிள்ளையை உங்கட மடியில தந்திட்டு, தள்ளுவண்டிலை மடிக்கேக்க 'ஹேபெட்' எண்டு சொல்லுவா. அதுக்காக அந்தப் பிள்ளையை வீட்ட கொண்டு வருவீங்களோ?"

"வைச்சிருங்கோ எண்டால் வைச்சிருங்கோதான்!" தில்லைநாயகி குறுக்கிட்டாள். "அதுக்குள்ள என்ன ரெண்டு? இஞ்ச பிறந்த பிள்ளையள் எங்களுக்குத் தமிழ் படிப்பிக்க வெளிக்கிட்டிட்டினம்."

"மாமி, நான் தமிழ் படிப்பிக்கேல்லை. அம்மா சொன்ன தமிழுக்குள்ள ரெண்டு கதை இருக்கு. அதில ஒண்டு சரியெண்டால் நீங்கள் எங்கட படத்துக்குப் பொட்டு வைச்சனீங்கள். மற்றது சரியெண்டால் ஊரவையின்ர பொருளை நாசமாக்கிப் போட்டியள். அவ்வளவுதான்."

தில்லைநாயகி முதன்முறையாக நாயின் நெற்றியைச் சற்று அச்சத்துடன் பார்த்தாள்.

"அம்மா? எந்தச் சொல்?"

ஜெயமலருக்கு அந்தப் படிக்கட்டு கண்முன்னே நின்றது. நோயாளரைத் தூக்கிச் செல்லும் நாற்காலியில் வார்களால் கட்டப்பட்டு, கம்பளியால் போர்த்தப்பட்டு, வெங்கர் அம்மையார் இறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மெலிந்த கைகள் பெட்டியை நீட்டின. பெட்டி ஜெயமலரின் கைகளுக்கு மாறிய பின்னரும் அவர் விரல்கள் அதை உடனே விடவில்லை. கொடுத்துவிடுகிறவரின் விரல்களாக அவை இல்லை. அவர் உதடுகள் அசைந்ததும் அவளுக்கு நினைவிருந்தது. அதன் பின்னர்தான், மேல்மாடி ஜன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டி வருமாறு ஜெயமலர் குகநாதனை மேலே அனுப்பினாள்.

"ஞாபகம் இல்லை" என்றாள் ஜெயமலர்.

மகள் அவளை நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வை ரெகூலாவின் தொலைபேசிக் குரலைவிடக் கூர்மையாக இருந்தது.

அழைப்பு மணி ஒலித்தது.

*

ரெகூலா உயரமானவள். நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மிதிவண்டித் தலைக்கவசத்தை ஒரு கையில் பிடித்தபடி, வாசலில் வரிசையாக இருந்த சப்பாத்துகளைப் பார்த்தாள். தன்னுடையதைக் கழற்றவில்லை.

"சப்பாத்தோட வாறா" என்று தில்லைநாயகி முணுமுணுத்தாள். "விளக்கு எரியுது எண்டும் பாக்கேல்லை."

"சும்மா இருங்கோ மாமி."

வந்தவள் பள்ளிக்கூடத்து ஜெர்மன் மொழியில், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நிறுத்தி, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் பேசத் தொடங்கினாள். லக்சாயினி சுத்தமான பேர்ண் பேச்சில் பதில் சொன்னாள். ரெகூலாவின் முகம் சற்றே சிவந்தது. அதன்பின் அவளும் தன் சொந்தப் பேச்சுக்கு மாறினாள். ஆனால் குரல் இளகவில்லை.

குகநாதன் வாசலை மறித்து நின்றிருந்தான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் சுவரைக் கண்டு அப்படியே நின்றாள்.

"என்ன இது? இரத்தமா?"

"இல்லை" என்றாள் லக்சாயினி. "அது... மரியாதைக்காக வைத்தது. எங்கள் கடவுள் ஒருவரின் வாகனம் நாய். என் மாமி அதற்குப் பூசை செய்தார்."

"நாய்க்கா?"

"சுவாமிக்கு எண்டு சொல்லு பிள்ளை" என்றாள் தில்லைநாயகி. "விளக்கமாச் சொல்லு. நாங்கள் ஊத்தை பூசேல்லை. சந்தனம்."

ரெகூலா எண்ணெய்க் கறையை விரலால் தொடப்போய், தொடாமல் விரலை இழுத்துக்கொண்டாள்.

"யுத்தம், வறுமை, எத்தனையோ வீடு மாற்றங்கள். எல்லாவற்றையும் இது தாண்டி வந்தது. ஓராண்டுகூட நிறையவில்லை உங்கள் வீட்டில்." அவள் ஜெயமலரின் பக்கம் திரும்பினாள். "நீங்கள்தானே பெரியம்மாவைக் கடைசியாகப் பார்த்தவர்? நான் ஒன்றை மட்டும் அறிய விரும்புகிறேன். அவர் இதை உங்களுக்குக் கொடுத்தாரா? அல்லது நீங்களாக எடுத்தீர்களா?"

"தந்தவ எண்டு சொல்லும்" என்றான் குகநாதன் தமிழில். அவன் முகத்தில் ஒரு புன்னகை ஒட்டவைத்ததுபோல் இருந்தது. "சிரிச்சுக்கொண்டு சொல்லும். ஒரு சொல்லு. முடிஞ்சுது."

"சொல்லும், ஜெயம்." தில்லைநாயகியின் குரலில் இப்போது கெஞ்சல் கலந்திருந்தது. "இல்லாட்டி என்னையெல்லோ பிடிப்பினம்."

ஒரு சொல்தான். ஜெயமலரும் அதையே எண்ணினாள். எந்தச் சொல்லுக்கு அவள் அஞ்சினாளோ, அதிலிருந்து அவளைக் காப்பாற்ற இன்னொரு சொல் நாக்கின் நுனியிலேயே இருந்தது. பஹால்தெட். அதை மறுக்க இந்த உலகத்தில் எவரும் இல்லை. ஆனால் கம்பளிக்குள்ளிருந்து நீண்ட அந்த விரல்கள் இன்னமும் பெட்டியை விடாமலே இருந்தன. நாளைக் காலையில் யாருடைய மோதிரத்தைக் கழற்றும்போதும் அவை அப்படியேதான் இருக்கும்.

"ஹேபெட்" என்றாள் அவள்.

லக்சாயினி கண்களை மூடிக்கொண்டாள்.

"'ஹேபெட் எனக்காக இந்த நாயை.' அப்படித்தான் சொன்னார்." ஜெயமலர் தனக்குத் தெரிந்த பேச்சில், தடுமாறாமல் சொன்னாள். "எனக்குத் தரவில்லை. பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் இறந்த பிறகு யாரிடம் கொடுப்பது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கறை படிந்ததும் எங்கள் வீட்டில்தான். நான் எடுக்கவில்லை. ஆனால் கவனமாகப் பிடித்திருக்கவும் இல்லை."

"என்ன சொல்லுறா? என்ன சொல்லிப் போட்டா இவ?" தில்லைநாயகி தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். குகநாதன் அசையவில்லை.

ரெகூலா மீண்டும் நாயைப் பார்த்தாள். அந்தச் சொல்லை அவளும் தன் பெரியம்மாவின் வாயிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கக்கூடும். அவளுடைய தோள்கள் சற்றே தளர்ந்தன. ஜெயமலர் மூச்சு விட்டாள். உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு விரைவாகப் பலன் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

அவள் எண்ணியது தவறு.

"சரி" என்றாள் ரெகூலா. "நீங்கள் சொல்வதை நம்ப விரும்புகிறேன். இதை இன்றே கொண்டு போகிறேன். கறையைப் பற்றிப் பிறகு பேசுவோம்." அவள் கூடத்தைச் சுற்றிக் கண்களை ஓட்டினாள். எதிர்ச்சுவரில் ஒரு நாட்காட்டி மட்டும் தொங்கியது. "மற்றது எங்கே?"

"எது மற்றது?"

"மற்ற நாய்."

ஜெயமலருக்கு விளங்கவில்லை. மகளைப் பார்த்தாள். மகளுக்கும் விளங்கவில்லை.

"இது சோடி" என்றாள் ரெகூலா. அவள் குரல் மீண்டும் குளிர்ந்துவிட்டது. "இரண்டு ஓவியங்கள், இரண்டு பெட்டிகள். பெரியம்மாவின் படுக்கையறையில் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியவை. ஒன்று படுத்திருக்கும். இது அதைத் திரும்பிப் பார்க்கும். வேலைக்காரர் வந்தபோது அறை வெறுமையாக இருந்தது. ஒன்றை உங்களிடம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மற்றது நடந்தா போனது?"

நாய் சுவரிலிருந்து, பொட்டிட்ட நெற்றியோடு, தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அது வைரவரைத் தேடவில்லை. இத்தனை மாதங்களாக அது எதைப் பார்த்தது என்பது ஜெயமலருக்கு இப்போதுதான் புரிந்தது.

படுக்கையறைக்குள் அவள் அன்று போகவே இல்லை. அவள் கைக்கு வந்தது ஒரு பெட்டி. அதற்குப் பின் மேலே சென்றவர் ஒருவர்தான்.

அவள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள். "அண்டைக்கு ஜன்னல் பூட்டப் போனனீங்களெல்லோ? வரேக்க வெறுங்கையோடயோ வந்தனீங்கள்?"

"என்ன கேள்வி இது? ஆக்களுக்கு முன்னால?" என்றான் குகநாதன். அவன் இன்னமும் சிரிக்க முயன்றான்.

ஆனால் அவனுடைய வலக்கை, அவனையும் அறியாமல், காற்சட்டைப் பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டின் நிலவறையான 'கெல்லருக்கு' ஒரேயொரு சாவிதான் உண்டு. கடந்த மாரிக்குப் பின் அவன் அதை எவரிடமும் கொடுத்ததில்லை.

"அப்பா," என்றாள் லக்சாயினி, கையை நீட்டியபடி, "கெல்லர்த் திறப்பைத் தாங்கோ."